படத்தின் இடது மூலை

அண்ணன் வேலை பார்க்கும் துறைமுகத்தில் ஏவுகணை விழுந்த செய்தி வந்தபோது நான் சின்னமனூரில் என் கடையில் உட்கார்ந்து ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்குத் தாய்மாமன்களின் பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசியின் மேற்பக்கம் ஒரு வரி வந்து நின்றது. ஊர்ப் பெயரைப் படித்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அண்ணனுக்குப் போன் அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் அரபியில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னது. வாட்ஸப்பில் ‘எங்கண்ணே இருக்க’ என்று அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

அந்த நாட்டின் பெயரை இதில் எழுதப்போவதில்லை. வளைகுடாவில் ஒரு நாடு. ஏவுகணை விட்ட நாட்டின் பெயரையும் எழுதவில்லை. அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். காரணம் போகப் போகத் தெரியும்.

கடையைப் பாதிச் சட்டரோடு விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். என் கல்யாணம் முறிந்து புகுந்த வீட்டை விட்டு வந்த பிறகு ஏழு வருடமாக அண்ணன் வீட்டோடுதான் இருக்கிறேன். அண்ணன் மூன்று வருடமாக வெளிநாட்டில். வீட்டில் மதினி, ஆறாவது படிக்கும் அவர்கள் மகள், நான். போகும்போதே மதினியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவசியமில்லாமல் போய்விட்டது. டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம். திரையில் கறுப்புப் புகை, அதன் கீழே கச்சா எண்ணெய் விலை.

“பிள்ளைக்கிட்ட இப்பச் சொல்ல வேணாம்” என்றாள். அவ்வளவுதான். வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

அன்று முழுவதும் அடித்துக்கொண்டே இருந்தோம். அண்ணனுடைய கம்பெனியில் வேலை பார்க்கும் வேறு யாருடைய எண்ணும் எங்களிடம் இல்லை. இதற்கு முன் அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

மறுநாள் காலைத் தமிழ்ப் பேப்பரில் முதல் பக்கத்தில் பெட்ரோல் விலை உயருமா என்று கேட்டிருந்தார்கள். துறைமுகத் தாக்குதல் ஏழாம் பக்கத்தில் இருந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சிலர் பலி, தமிழர்கள் இருக்கிறார்களா என்று விசாரணை. நான் அந்த இரண்டு பத்தியையும் நாலைந்து முறை படித்தேன். இன்னொரு முறை படித்தால் இன்னொரு வரி கிடைக்கும் என்பதுபோல.

“கம்பத்துக்குப் போவோம். மலையாளப் பேப்பர்ல எல்லாம் போட்டிருப்பாக” என்றாள் மதினி.

மதினிக்குப் பிறந்த ஊர் தேவாரம். ஆனால் அவளுடைய அப்பாவும் அம்மாவும் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். எட்டாம் வகுப்புவரை அங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த எழுத்தை அவள் படித்து நான் பார்த்ததில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டில் குமுளி பஸ் நிற்கும் பக்கத்தில் ஒரு கடையில் மலையாளப் பேப்பர் கிடைக்கும். இரண்டு வாங்கினோம். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள்.

அவள் சொன்னது சரிதான். எல்லாம் போட்டிருந்தார்கள். கேரளத்துக்காரர்கள் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். இருவரின் பாஸ்போர்ட் படமும் முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தது. வீட்டுப் பெயர், அப்பா பெயர், எந்தப் பள்ளியில் படித்தார், கடைசியாக யாரிடம் பேசினார், என்ன பேசினார். ஒருவர் தன் மகனிடம் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். மதினி அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது குரல் ஒரு இடத்திலும் தட்டவில்லை. நான்தான் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பொறாமையாக இருந்தது. இதை இப்போது எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

“மத்தவுக பத்தி?” என்று கேட்டேன்.

“வேற நாட்டுக்காரவுகளும் இருக்காகளாம். பேரு தெரியலயாம்.” பேப்பரை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். “தமிழ்நாடுன்னு ஒரு எடத்துலயும் இல்ல.”

அது நல்லதா கெட்டதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கடையைத் திறந்தேன். ஆர்டர் பார்ப்பதற்கு அல்ல. கம்ப்யூட்டர் திரை பெரியது என்பதற்காக. எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் உண்டு என்றாலும் பாதி வேலை கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். குரூப் போட்டோவைக் கொண்டுவந்து தருவார்கள். அதிலிருந்து இறந்தவரை மட்டும் வெட்டி எடுத்து, பக்கத்தில் நிற்பவரின் தோளை அழித்து, முகத்துக்கு வெளிச்சம் கொடுத்துத் தருவேன். படத்தை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிப்போன வேலை.

முதலில் அண்ணன் இருக்கும் நாட்டின் பேப்பரைத் திறந்தேன். மொழிபெயர்ப்பைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டேன். நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது, துறைமுகம் வழக்கம்போல இயங்குகிறது. ஒரு அமைச்சர் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அமைச்சர் முகம் தெளிவாக இருக்கிறது. கட்டிலில் இருப்பவரின் ஒரு கை மட்டும்தான் படத்தில் தெரிகிறது, டிரிப் ஊசியோடு. அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணன் கை இல்லை.

அடுத்து ஏவுகணை விட்ட நாட்டின் பேப்பர். வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று. அதில் சிவப்பாக ஒரு வட்டம். எதிரியின் ராணுவக் கிடங்கு துல்லியமாக அழிக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். இறந்தவர் என்ற சொல்லே அந்தச் செய்தியில் கிடையாது. அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் தங்குமிடம் எங்கே இருக்கிறது என்று கூகுள் வரைபடத்தில் எனக்குக் காட்டியிருக்கிறான். நீல நிறத் தகரக் கூரை, பக்கத்தில் வட்டமாக மூன்று எண்ணெய்த் தொட்டி. சிவப்பு வட்டத்துக்குள் அந்த நீலக் கூரையின் ஒரு பகுதி இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பிறகு ஐரோப்பாவில் ஒரு நாட்டின் பேப்பர். அந்த நாட்டைச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவர் இறந்துபோயிருந்தார். அவரைப் பற்றி நீளமான கட்டுரை. அவர் வளர்த்த நாய், அவர் ஓடிய மாரத்தான், மனைவியை முதலில் பார்த்த இடம். நல்ல மனிதராகத்தான் இருந்திருக்கிறார். படித்துவிட்டு அவருக்காகவும் வருத்தப்பட்டேன். கடைசிக்கு முந்தின பத்தியில் ஒரே ஒரு வாக்கியம்: தொழிலாளர்கள் சிலரும் உயிரிழந்தனர். அதற்குக் கீழேதான் அந்தப் படம் இருந்தது.

தரையில் ஒருவரைப் போர்வையால் மூடிக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்களின் பூட்ஸ். முகம் இருக்கும் இடத்தில் மட்டும் போர்வையை மங்கலாக்கியிருந்தார்கள். மற்றது தெரிந்தது. கரும்பச்சை, ஓரத்தில் மஞ்சள் பட்டை.

அந்தப் போர்வையை மதினியும் நானும் கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வாங்கினோம். அண்ணன் முதல்முறை கிளம்பும்போது பெட்டியில் வைத்துக் கட்டினோம். ஆனால் அதைப்போல எத்தனையோ போர்வை இருக்கும். தறியில் ஒன்றா நெய்திருப்பார்கள்? இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஒரே வித்தியாசம், எங்கள் போர்வையில் ஒரு மூலையை எலி கடித்திருந்தது. பச்சை நூல் வீட்டில் இல்லாததால் மதினி சிவப்பு நூலால் அந்த இடத்தைச் சேர்த்துத் தைத்திருந்தாள். படத்தில் மூன்று மூலை சுத்தமாகத் தெரிந்தது. நான்காவது மூலை படத்தின் இடதுபக்கம் வெட்டுப்பட்டிருந்தது.

அந்த ஒரு மூலைக்காக அன்று மதியம்வரை தேடினேன். ஒரே படம்தான் எல்லா நாட்டுக்கும் போயிருந்தது. ஆளாளுக்கு ஒருவிதமாக வெட்டியிருந்தார்கள். ஒரு பேப்பர் போர்வையை மொத்தமாக எடுத்துவிட்டுப் பின்னால் எரியும் கட்டடத்தை மட்டும் வைத்திருந்தது. இன்னொன்று பூட்ஸ்களை மட்டும். அமெரிக்கப் பேப்பர் ஒன்றில் படத்தைச் சாம்பல் நிறத்தால் மூடி, மனதைப் பாதிக்கக்கூடிய படம், பார்க்க விரும்பினால் அழுத்தவும் என்று போட்டிருந்தது. அழுத்துவதற்கு எனக்கு வெகுநேரம் ஆனது. அழுத்திய பிறகும் அந்த மூலை இல்லை.

நடுவில் ஒருவர் வந்தார். அவருடைய அப்பா இறந்து பதினாறாம் நாளுக்கு போஸ்டர் வேண்டும். படத்தைத் தந்துவிட்டு, முகம் கொஞ்சம் தெளிச்சியாக இருக்கட்டும் என்றார். அவரை உட்காரவைத்து வேலையை முடித்துக் கொடுத்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

கடைசியில் எனக்கு என்ன மொழி என்றே தெரியாத ஒரு நாட்டின் பேப்பரில் முழுப்படம் கிடைத்தது. அவர்கள் எதையும் வெட்டவில்லை, எதையும் மங்கலாக்கவில்லை. முகம்தான் போர்வைக்குள் இருந்தது. பெரிதாக்கினேன். இடது மூலையில் சிவப்பு நூல். மதினியின் தையல், எட்டு எழுதியதுபோலக் குறுக்கே போட்டது.

அந்த மூலைக்குப் பக்கத்தில் ஒரு பாதம் வெளியே தெரிந்தது. சாம்பல் நிறக் காலுறை போட்டிருந்தது. காலுறை இல்லாமல் இருந்திருந்தால் அண்ணனா இல்லையா என்று அப்போதே தெரிந்திருக்கும்.

வீட்டுக்குப் போனேன். மதினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டேன்.

“மதினி, அந்தப் பச்சைப் போர்வைய அண்ணன் கொண்டுட்டுப் போச்சுல்ல?”

“எதுக்குக் கேக்குற?”

“சும்மாதான். பீரோவுல காணோம்.”

“பீரோவ நீ எப்பத் தெறந்த? இப்பத்தான உள்ள வார.” மடித்த துணியைக் கீழே வைத்தாள். “காட்டு.”

நான் அசையவில்லை. கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கைப்பேசியைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போய் நின்று பார்த்தாள். பெரிதாக்க அவளுக்குத் தெரியாது. அதனால் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். தெருவில் வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று போய் முடிந்தது.

“இது நாந் தச்சதுதான்” என்றாள். “போர்வ அவுகளுது. உள்ள இருக்கது யாருன்னு எந்தப் பேப்பர்லயாச்சும் போட்டிருக்கா?”

“இல்ல மதினி.”

“அப்ப நீயும் சொல்லாத.”

அன்று மாலை நான்கு மணிக்கு உள்ளூர்ச் செய்தியாளர் வந்தார். அவருக்கு நான்தான் விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்திருந்தேன். நல்ல மாதிரி. யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேப்பரில் வந்தால்தான் கலெக்டர் ஆபீஸ் அசையும், தூதரகத்துக்குப் போன் போகும் என்று சொன்னார். அது பொய்யும் இல்லை. மதினி என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன். கம்பெனி பெயர், தங்குமிடம், என்ன வேலை என்று அவர் கேட்டதற்கெல்லாம் நானே சொன்னேன்.

மதினியை அண்ணன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார். மகளும் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். “பிள்ள வேணாம்” என்றாள் மதினி. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கொஞ்சம் கீழே பார்க்கச் சொல்லி நாலைந்து படம் எடுத்தார். மதினி அழவில்லை. அவர் போன பிறகும் அழவில்லை.

மறுநாள் காலையில் மதினி மாவட்டப் பக்கத்தில் கால் பக்க அளவுக்கு இருந்தாள். ‘கணவர் கதி என்ன? கதறும் மனைவி’ என்று தலைப்பு. எட்டு மணிக்கெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றும்போதே முகத்தை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகளை நான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூட வாசலில் நின்று, “அப்பா படம் எதுக்கு பேப்பர்ல வந்துச்சு அத்தை?” என்றாள். அப்பா அங்கே பத்திரமாக இருக்கிறாரா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றேன். எவ்வளவு நேரம் அந்தப் பதில் தாங்கும் என்று பயந்துகொண்டே திரும்பினேன்.

மூன்று மணி வாக்கில் தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டு எண். வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எடுக்கப் பயமாக இருந்தது. கம்பெனியிலிருந்து அதிகாரி யாராவது பேசினால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மதினி, “எடு” என்றாள்.

“ஏத்தா, நாந்தான்.”

அண்ணன்தான் என்று மதினிக்குக் கை காட்டினேன். அண்ணன் குரல் மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல இருந்தது. நன்றாக இருக்கிறாயா என்று நான் கேட்பதற்குள் அவன் கேட்டான்.

“பேப்பர்ல என்னமும் குடுத்தீகளா?”

எல்லோருடைய போனையும் கம்பெனி வாங்கி வைத்திருக்கிறதாம். தாக்குதலைப் படம் எடுப்பதும் பரப்புவதும் அங்கே குற்றம். இது வேறு ஆள் போன். நம்மூர்ப் பேப்பர்ச் செய்தியைக் கம்பத்துக்காரர் ஒருவர் குரூப்பில் போட்டு, அது காலையில் சூப்பர்வைசர்வரை போய்விட்டது. கம்பெனி பெயர் அதில் இருக்கிறது. தங்குமிடத்தில் விழுந்தது என்று இருக்கிறது. அந்த நாட்டின் பேப்பரிலோ துறைமுகத்துக்குச் சேதமே இல்லை. உன் வீட்டார் பேப்பருக்கு எப்படிப் பேசினார்கள், நீ என்ன படம் அனுப்பினாய் என்று ஆபீசில் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“நான்தான் சொன்னேன்ணே. கம்பெனி பேர நான்தான் சொன்னேன்.”

“சரி விடு. அந்தச் செய்திய எடுக்கச் சொல்ல முடியுமான்னு பாரு.”

மதினி போனை வாங்கினாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களை மறந்து, போர்வை என்று மட்டும் கேட்டாள். அவன் சொன்னதை அவள் பிறகு என்னிடம் சொன்னாள். அவன் அறையில் வங்கதேசத்து ஆள் ஒருவர் இருந்தார். அன்று அவருக்குக் காய்ச்சல். குளிர்கிறது என்று முனகிக்கொண்டு படுத்திருந்தார். அண்ணன் வேலைக்குப் போகும்போது தன் போர்வையையும் அவர்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் போர்வையோடேயே அவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

அன்றே செய்தியாளரைத் தேடிப் போனேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அண்ணன் நலம் என்று மறுநாள் போட்டார்கள், நான்கு வரி, படம் இல்லாமல். இணையத்திலிருந்து பழைய செய்தியை எடுக்க அவருக்கு இரண்டு நாள் அலைய வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளும் அண்ணனிடமிருந்து அழைப்பு இல்லை. இருந்த பயத்தில் பாதிகூடக் குறையவில்லை, வேறு உருவத்துக்கு மாறியிருந்தது. முன்பு ஏவுகணைக்குப் பயந்தோம். இப்போது நான் சொன்ன ஒரு பெயருக்குப் பயந்தோம். மதினி ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான்காம் நாள் பேசினான். அவனுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போனையும் திருப்பிக் கொடுத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. பேசி முடிக்கும்போது, “எங்கூட இருந்தவன் பேரு எந்தப் பேப்பர்லயாச்சும் வந்திருக்கா பாரேன். அவுக வீட்டுக்குத் தெரியுமோ என்னமோ” என்றான்.

பெயரை எழுதிக்கொண்டு மறுபடியும் அதே பேப்பர்களைத் திறந்தேன். அண்ணன் இருக்கும் நாட்டில் அவர் இல்லை. ஏவுகணை விட்ட நாட்டில் இல்லை. ஐரோப்பியப் பேப்பரில் இன்ஜினியரின் இறுதி ஊர்வலம் வந்திருந்தது. தொழிலாளர்கள் சிலர் என்ற வாக்கியம்கூடப் போய்விட்டிருந்தது. வங்கமொழிப் பேப்பர் ஒன்றில் கிடைத்தார். ஆற்றோரத்துக் கிராமம், வீட்டுக்கு மூத்த மகன். தலைப்பை மொழிபெயர்ப்பு ‘பணம் அனுப்பும் போராளி மரணம்’ என்று காட்டியது. போராளி என்ற சொல்லைப் பார்த்துத் திடுக்கிட்டேன், வேறு யாரையாவது திறந்துவிட்டேனோ என்று. வெளிநாட்டில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களை அங்கே அப்படித்தான் பெருமையாக எழுதுவார்களாம். காய்ச்சலில் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்த மனிதர்.

அவர் படத்தைப் பார்த்தேன். கடற்கரையில் நின்று சிரிக்கிறார். வலது ஓரத்தில் ஒரு தோள் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது, கட்டம் போட்ட சட்டை. அந்தப் படம் முழுதாக என் கைப்பேசியில் இருந்தது. பெருநாள் விடுமுறையில் அண்ணன் அனுப்பியது. தோள் அவனுடையது. நான் தினமும் செய்கிற அதே வேலையை எங்கோ ஒருவர் செய்திருக்கிறார், கொஞ்சம் அவசரமாக. அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டியவர் வெட்டுக்கோட்டை நகர்த்தி அவருக்குப் பதில் அண்ணனை விட்டிருந்தால், அல்லது அன்று காய்ச்சல் அண்ணனுக்கு வந்திருந்தால் என்று மனம் போனது. நிறுத்த முடியவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். நல்ல படமாக ஒன்று செய்து அவர் வீட்டுக்குக் கிடைக்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டான். “எனக்கு அனுப்பாத. எம்பேரும் வேணாம்” என்றான். முழுப்படத்திலிருந்து அவரை மட்டும் எடுத்து, தோள் இல்லாமல், கடலும் மணலும் அப்படியே இருக்க, ஒரு படம் செய்தேன். அந்த வங்கப் பேப்பரின் மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி அனுப்பினேன். அனுப்புகிறவர் யார் என்று சொல்லாமல் எழுதுவது கஷ்டமாக இருந்தது. பதில் வரவில்லை.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்பது மாதம். விட்டுவிட்டு வரச் சொல்லி மதினி கேட்டுப் பார்த்தாள். கையெழுத்துப் போட்ட தாளை நினைத்து அவன் தயங்குகிறான். இப்போதெல்லாம் பேசும்போது வெயில், சாப்பாடு, மகள் வாங்கிய மார்க்கு, இவ்வளவுதான். நாங்களும் வேறு எதையும் கேட்பதில்லை.

போன வாரம் அந்த நகரத்தில் மறுபடியும் சைரன் ஒலித்ததாக ஐரோப்பியப் பேப்பரில் ஒரு வரி வந்தது. அவன் இருக்கும் நாட்டின் பேப்பரைத் திறந்தால் பூக்கண்காட்சி, குழந்தைகள், அமைச்சர். காலை பதினொரு மணி. மதினி என் கடையில்தான் இருந்தாள். அடித்தேன். ஏழாவது முறை மணி அடித்தபோது எடுத்தான். வேலையில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். மதினி ஸ்டூலில் உட்கார்ந்து, எடுத்தானா என்றுகூடக் கேட்காமல், என் முகத்தை மட்டும் பார்த்தாள். தலையாட்டினேன். பக்கத்தில் கிடந்த பேப்பர்க் கட்டை எடுத்து அளவாக அடுக்க ஆரம்பித்தாள். தாள் நேராக நிற்கவில்லை. கலைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அடுக்கினாள்.